ஐபாடில் இருக்கும் பாட்டையெல்லாம் மலிவான எம்பி3 பிளேயருக்கு மாற்ற

ஆப்பிள் 2022 மே மாதத்தோடு ஐபாடை நிறுத்திவிட்டது. பழைய ஐபாட் கிளாசிக்கை ரிப்பேர் செய்கிற காசில் மெமரி கார்டு போடுகிற புது பிளேயரே வாங்கிவிடலாம். ஆனால் வாங்கிய கையோடு எல்லாப் பாட்டையும் அதில் கொட்டிவிடாதீர்கள். ஐபாடில் பாட்டுகளை அழகாக வகை பிரித்துக் காட்டியது ஐட்யூன்ஸ் (கம்ப்யூட்டரிலிருந்து ஐபாடில் பாட்டு ஏற்றும் ஆப்பிள் மென்பொருள்) எழுதி வைத்த டேட்டாபேஸ். மலிவான பிளேயர்கள் பலவற்றில் அது அரைகுறைதான், ஃபோல்டர் பெயரும் ஃபைல் பெயரும் எப்படி இருக்கிறதோ அப்படியே காட்டும். அதனால் முக்கால்வாசி வேலையைக் கம்ப்யூட்டரிலேயே முடித்துவிட வேண்டும்.

கம்ப்யூட்டரில் ஐட்யூன்ஸ் லைப்ரரி இன்னும் இருந்தால் சுலபம். ஆர்கனைஸ் லைப்ரரிக்குள் கன்சாலிடேட் ஃபைல்ஸை டிக் செய்தால் அங்கங்கே சிதறிக் கிடக்கிற பாட்டெல்லாம் ஒரே ஃபோல்டருக்குள் வந்துவிடும். அப்புறம் ஒன்று, நீங்கள் போட்ட ஸ்டார் ரேட்டிங் ஃபைலுக்குள் இருக்காது, ஐட்யூன்ஸில் மட்டும்தான் இருக்கும். அதனால் ஐந்து ஸ்டார் பாட்டுகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, கமென்ட் கட்டத்தில் 'பிடித்தது' என்று எழுதிவிடுங்கள், அது ஃபைலோடு சேர்ந்தே வரும். பிறகு அந்த ஃபோல்டரைக் காப்பி எடுங்கள்.

பாட்டு ஐபாடில் மட்டும்தான் இருக்கிறது என்றால் கொஞ்சம் கவனம். புதுக் கம்ப்யூட்டரில் மாட்டியதும் 'எரேஸ் அண்ட் சிங்க்' என்று கேட்டால் எக்காரணம் கொண்டும் ஒப்புக்கொள்ளக் கூடாது, கேன்சல்தான். விண்டோஸில் ஹிட்டன் ஃபைல்களைக் காட்டச் சொல்லிவிட்டு ஐபாட் டிரைவைத் திறந்தால் 'ஐபாட் கன்ட்ரோல்' ஃபோல்டர், அதற்குள் மியூசிக், அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாகப் போகும். உள்ளே ஒரு பாட்டுக்கும் பெயர் இருக்காது, வெறும் நாலு எழுத்துதான் இருக்கும். பயப்பட வேண்டாம், பெயர்கள் ஃபைலுக்குள்ளேயே டேக்காக, அதாவது பாட்டோடு ஒட்டிய விவரக் குறிப்பாக, பத்திரமாக இருக்கின்றன, அப்படியே காப்பி எடுங்கள். மேக்கில் ஃபார்மேட் செய்த ஐபாட் மட்டும் விண்டோஸில் திறக்காது.

இனி அந்தக் காப்பியில் வேலை செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். டேக்குகளைத் திருத்த எம்பி3டேக் என்ற மென்பொருள் போதும். சினிமாப் பாட்டில் பெரிய தொல்லை, ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் பாடகர் பெயர் இருப்பதுதான். ஒரே படத்தின் ஆறு பாட்டை ஐந்து ஜோடி பாடியிருந்தால், பிளேயர் அந்தப் படத்தை ஐந்து துண்டாக்கிவிடும். படத்தின் எல்லாப் பாட்டையும் தேர்ந்தெடுத்து ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் இசையமைப்பாளர் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் போடுங்கள். பிறகு டேக்கிலிருந்து ஃபைல் பெயர் உருவாக்கும் வசதியில் இசையமைப்பாளர், படம், பாட்டு எண், பாட்டு என்று வடிவம் கொடுத்தால் ஃபோல்டர்களையும் அதுவே உண்டாக்கிக்கொள்ளும். எண் இரண்டு இலக்கமாக இருக்கட்டும், இல்லையென்றால் 10 போய் 2க்கு முன்னால் உட்காரும். டவுன்லோடு தளங்கள் பாட்டின் பெயருக்குப் பின்னால் ஒட்டிவிட்ட விளம்பரத்தையும் இங்கேயே மொத்தமாக நீக்கிவிடலாம். பெயர்களை ஆங்கில எழுத்திலேயே வையுங்கள், மலிவான பிளேயர்களில் தமிழ் பெரும்பாலும் கட்டம் கட்டமாகத் தெரியும், தெரிந்தாலும் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போய்விடும்.

ஃபார்மேட் விஷயத்தில் என் கருத்து உறுதியானது: பிளேயர் ஏஏசி (ஐட்யூன்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் சுருக்க முறை) பாடும் என்றால் அந்த முறையில் உள்ள எம்4ஏ ஃபைல்களை எம்பி3யாக மாற்றவே மாற்றாதீர்கள். ஏற்கெனவே சுருக்கியதை மறுபடி சுருக்கினால் சிம்பல் சத்தமும் மூச்சுச் சத்தமும் கரகரப்பாகிவிடும். ஆனால் தரம் குறையாமல் சேமிக்கும் ஆப்பிள் லாஸ்லெஸும் அதே எம்4ஏ பெயரில்தான் வரும், ஐட்யூன்ஸில் கைண்ட் பத்தியைப் பார்த்தால் எது எது என்று தெரியும். லாஸ்லெஸ் ஃபைலைத் தாராளமாக அதே மாதிரி தரம் குறையாத ஃபிளாக்காகவோ எம்பி3யாகவோ மாற்றலாம். 2009க்கு முன் ஐட்யூன்ஸ் கடையில் வாங்கிய எம்4பி (m4p) ஃபைல்கள் பூட்டுப் போட்டவை, அவற்றை ஐட்யூன்ஸிலேயே ஆடியோ சிடியாக எழுதித் திரும்ப ரிப் செய்யலாம், அதாவது சிடியிலிருந்து பாட்டை ஃபைலாக எடுக்கலாம். இந்தியாவில் அந்தக் கடை 2012 டிசம்பரில்தான் வந்தது என்பதால், வெளிநாட்டுக் கணக்கு வைத்திருந்தவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல்.

மெமரி கார்டு 32 ஜிபியே தாராளம். 128 கேபிபிஎஸ் தரத்தில் உள்ள பாட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி, ஐந்து நிமிடப் பாட்டு என்று வைத்தாலும் ஆறாயிரம் பாட்டு போகும். 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட்டில் வரும், பல பிளேயர்களுக்கு அது புரியாது, ரூஃபஸ் மாதிரி ஏதாவது ஒரு மென்பொருளால் ஃபேட்32 ஃபார்மேட்டுக்கு மாற்ற வேண்டும். சந்தையில் போலிக் கார்டுகள் நிறைய, பாட்டை ஏற்றும் முன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளைப் போட்டு முழுக் கொள்ளளவும் உண்மையா என்று பாருங்கள்.

ஏற்றிய பிறகும் வரிசை மாறிப் பாடுகிறதா? சில பிளேயர்கள் அகர வரிசையைப் பார்ப்பதில்லை, கார்டில் எது முதலில் எழுதப்பட்டதோ அதைத்தான் முதலில் பாடும். ஃபேட்சார்ட் என்ற சின்ன மென்பொருள் அதைச் சரிசெய்யும். கடைசியாக, எம்பி3டேக்கில் கார்டைத் திறந்து, 'பிடித்தது' என்று கமென்ட் உள்ளவற்றை வடிகட்டி, எம்3யு பிளேலிஸ்டாகக் கார்டிலேயே சேமியுங்கள். கம்ப்யூட்டரின் சி டிரைவ் முகவரி அதில் இருந்தால் பிளேயர் ஒரு பாட்டையும் கண்டுபிடிக்காது, நோட்பேடில் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.