மனதுக்குப் பிடித்த ஓவியத்தை வாங்கலாமா?

1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் சென்னைக்கு அருகே தொடங்கிய சோழமண்டல ஓவியர் கிராமத்துக்குப் போனால், ஏதாவது ஒரு வண்ணமயமான அரூப (குறிப்பிட்ட உருவம் எதையும் காட்டாத) ஓவியம் நம்மைப் பிடித்து நிறுத்திவிடும். உடனே பணத்தை எடுக்காதீர்கள். அதன் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டு வந்து, அதே அளவுக்குச் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். சோபாவுக்கு மேலே மாட்டுவதென்றால், சோபா நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு அகலம் இருப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

நிறம்தான் பெரிய விஷயம். கண்காட்சி விளக்கில் பளிச்சென்று இருந்த நீலம், வீட்டு மஞ்சள் பல்பில் மங்கிப்போகும். முடிந்தால் படத்தைப் பகல் வெளிச்சத்திலும் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். பிறகு ஒரு வாரம் போகட்டும். வேலைக்கு நடுவில் அந்தப் படம் நினைவுக்கு வருகிறதா? வந்தால் வாங்கிவிடுங்கள். அர்த்தம் புரியவில்லையே என்று தயங்கவே வேண்டாம். பார்க்கப் பார்க்கப் பிடிப்பதே போதும்.

அப்புறம், எண்ணெய் வண்ணமா அக்ரிலிக்கா, சட்டமும் விலையில் சேர்த்தியா என்று கேளுங்கள். ஓவியர் கையெழுத்திட்ட சான்றிதழை மறக்காமல் வாங்குங்கள். நேர் வெயில் படும் சுவரும், மழைக்கு ஓதம் ஏறும் சுவரும் வேண்டாம்.