இலத்திரனியல் பேட்டன்ட் எழுதப் பழகுவது: ஒரு வாட்டும் தொட்டியை வைத்து

இலங்கையில் பேட்டன்ட், அதாவது கண்டுபிடிப்புக்கான தனியுரிமை, தொடர்பான சட்டத்தரணியாக விரும்புகிறவர்கள் முதலில் தேடுவது சட்டக் கல்லூரி விண்ணப்பத்தை. அதற்கு முன் ஒரு வாரம் ஒதுக்கி ஒரு கிளேம், அதாவது கண்டுபிடிப்பில் எது தனக்கே உரியது என்று வரையறுக்கும் உரிமைகோரல், எழுதிப் பாருங்கள். இந்தத் தொழிலில் முக்கால்வாசி எழுத்துத்தான். அது பிடிக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண் செலவு.

தேயிலைத் தொழிற்சாலையின் வாட்டும் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். வலைமேல் கொழுந்து பரப்பியிருக்கும். கீழிருந்து விசிறி காற்றை ஊதும். 78 சதவீத ஈரமுள்ள 100 கிலோ கொழுந்தில் ஈரம் போக மிஞ்சுவது 22 கிலோ. ஈரம் 60 சதவீதத்துக்கு இறங்கும்போது மொத்த எடை 55 கிலோவாகிவிடும். எடை தெரிந்தால் வாடல் தெரியும். ஒருவர் வலைமட்டத்தில் தட்டு வைத்து, அடியில் லோட் செல், அதாவது எடை உணரி, பொருத்தி அளக்கிறார். கணக்கு ஒத்துவரவில்லை. மேலெழும் காற்று கொழுந்தைத் தூக்குவதால் எடை குறைவாகக் காட்டுகிறது. விசிறியின் அதிர்வு வேறு. ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசிறியை 20 செக்கன் நிறுத்தி, அந்த நேரத்தில் மட்டும் எடை எடுக்கும்படி கட்டுப்படுத்தியை அமைக்கிறார்.

இதில் எது புதிது? எடை பார்த்து வாடலைக் கணிப்பது பழைய வழக்கம். லோட் செல் கடையில் கிடைக்கும். புதிதாக இருக்கக்கூடியது காற்றை நிறுத்தி அளக்கும் ஒழுங்கு மட்டுமே. அதையும் தேடாமல் நம்பக்கூடாது. பேட்டன்ட்களைத் தேடும் இணையத்தளமான எஸ்பேஸ்நெட்டில் சொல்லை மட்டும் போட்டால் பாதி தப்பிவிடும். நீங்கள் ‘விதரிங்’ (வாட்டுதல்) என்று தேடுவதை இன்னொருவர் ‘ட்ரையிங்’ (உலர்த்துதல்) என்று எழுதியிருப்பார். பேட்டன்ட்களைத் துறைவாரியாகப் பிரிக்கும் வகைப்பாட்டு எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள்: தேயிலைப் பதனிடலுக்கு ஏ23எஃப் 3/06, எடை பார்த்தலுக்கு ஜி01ஜி. தானியம் உலர்த்தும் கருவிகளையும் விடாதீர்கள். அங்கே யாராவது காற்றை நிறுத்தி எடை எடுத்திருந்தால், பேட்டன்ட் அலுவலகப் பரிசோதகர் அதையும் தேயிலைத் தொட்டியையும் சேர்த்துவைத்து, துறை தெரிந்த எவருக்கும் தோன்றக்கூடியதே என்று மறுப்பார்.

இனி கிளேம்:

“கொழுந்து வாட்டும் தொட்டிக்கான ஒரு கருவி, அதில் கொழுந்தின் ஒரு பகுதியைத் தாங்கும் ஒரு தட்டு, அந்தத் தட்டின் எடையை அளக்கும் ஓர் உணரி, தொட்டியின் காற்றோட்டத்தைக் குறித்த அளவுக்குக் கீழே குறைத்து, அது குறைந்திருக்கையில் அந்த உணரியின் அளவீட்டைப் பெறும் ஒரு கட்டுப்படுத்தி.”

‘நிறுத்தி’ என்று எழுதவில்லை, கவனியுங்கள். எழுதியிருந்தால், விசிறியை மெதுவாக்கி அளக்கிறவர் தப்பித்துவிடுவார். புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, கையிலுள்ள மாதிரிக் கருவியை அப்படியே முதல் கிளேமில் இறக்குவது: லோட் செல்லின் பெயர், 20 செக்கன், சிப்பின் இலக்கம். இவை சார்புக் கிளேம்களுக்கு, அதாவது முதல் கிளேமோடு மேலதிக விவரம் சேர்க்கும் கிளேம்களுக்கு, போகவேண்டியவை. முதல் கிளேம் விழுந்தால் பின்வாங்கி நிற்க அவைதான் இடம். அடுத்த பிழை சொல் மாற்றம். ‘தட்டு’ என்று தொடங்கி நடுவில் ‘ட்ரே’ என்றால் இரண்டும் ஒன்றா என்ற கேள்வி வரும். முதல்முறை ‘ஒரு’, பிறகு ‘அந்த’. பள்ளிக்கூடக் கட்டுரையில் குறையாகத் தெரியும் கூறியது கூறல் இங்கே கட்டாயம்.

குறைகடத்திகளில் இதே வேலை கடினமாகும். உற்பத்திச் செய்முறைக்குக் கிளேம் வாங்கினால், போட்டியாளர் அதே வெப்பநிலையில் அதே வாயுவைப் பயன்படுத்தினார் என்று அவரது ஆலைக்கு வெளியே நின்று நிரூபிப்பது எப்படி? சிப்பை வெட்டி இலத்திரன் நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும் கட்டமைப்புக்கு ஒரு கிளேமாவது இருக்கவேண்டும்.

நாள் கணக்கிலும் கண் வையுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, விண்ணப்பத்துக்கு முந்திய ஓராண்டுக்குள் விண்ணப்பதாரரே வெளியிட்டது அவருக்கு எதிராக எண்ணப்படாது. ஐரோப்பாவில் அந்தச் சலுகையை நம்பமுடியாது. கண்காட்சியில் வைத்து முகநூலில் வீடியோ போட்டால் அங்கே வழி அடைபட்டதுபோலத்தான். கொழும்பில் முதல் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 12 மாதத்துக்குள் வெளிநாட்டு விண்ணப்பமோ, பல நாடுகளுக்கும் சேர்த்துப் போடும் பி.சி.டி. விண்ணப்பமோ போகவேண்டும்.

படிப்புக்கு வருவோம். பேராதனையிலோ மொறட்டுவையிலோ மின், இலத்திரனியல் பொறியியல் முதலில், சட்டம் பிறகு. சட்டத்தைப் பின்னால் சேர்க்கலாம், சுற்று வரைபடம் வாசிக்கும் பழக்கத்தைப் பின்னால் சேர்ப்பது சிரமம். திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தை வேலை செய்துகொண்டே படிக்கலாம். உலகப் புலமைச் சொத்து அமைப்பின் (வைப்போ) அகடமி நடத்தும் டி.எல்.-101 இணையப் பாடநெறி இலவசம். வெளிநாட்டு வேலையெல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழ்மூலம் படித்தவர்கள் வாரம் ஒரு கிளேமை ஆங்கிலத்தில் எழுதிப் பழகவேண்டும்.

இந்தியப் பேட்டன்ட் முகவர் பரீட்சைக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். அதற்கு இந்தியக் குடியுரிமை வேண்டும். அங்கே சொந்தபந்தம் இருப்பது கணக்கில் வராது.