கோடையில் ஓயும் ஃபெஸ்கியூவுக்குத் துணைப்புல்

அமெரிக்காவின் மிசௌரி, கென்டக்கி, டென்னசி மாநிலங்களின் மேய்ச்சல் நிலங்களில் பெரும்பகுதி டால் ஃபெஸ்கியூ என்னும் குளிர்பருவப் புல்லே. வசந்தத்தில் செழிக்கும் அது, ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் வளர்ச்சி குன்றிவிடும். அதோடு, 1943இல் வெளியிடப்பட்ட கென்டக்கி 31 ரகத்தினுள் வாழும் பூஞ்சையின் நச்சு மாடுகளின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், உடற்சூட்டைத் தணிக்க இயலாமல் அவை மேய்ச்சலை விட்டு நிழலைத் தேடுகின்றன. நம் சோளத்தையும் கம்பையும் போல 30 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் வேகமாக வளரும் பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ் ஆகிய அந்நாட்டுப் புற்கள் இக்குறையைத் தீர்க்கும்.

பண்ணையில் கால் பங்கை இவற்றுக்கு ஒதுக்கினால் போதும். ஆனால் அந்நிலம் தனி வேலிக்குள் இருக்க வேண்டும். ஒரே வயலில் கலந்து விதைத்தால், முந்தித் துளிர்க்கும் ஃபெஸ்கியூ இப்புற்களின் இளநாற்றுகளை அமுக்கிவிடும். எனவே இலையுதிர் காலத்தில் ஒருமுறையும் விதைப்புக்கு முன் மறுமுறையும் களைக்கொல்லி தெளித்துப் பழைய புல்லை அடியோடு ஒழிக்க வேண்டும்.

ஏப்ரல் பிற்பகுதி முதல் ஜூன் தொடக்கம் வரை, ஏக்கருக்கு 8 முதல் 10 பவுண்டு உயிருள்ள தூய விதையை (கலப்பின்றி, முளைக்கக்கூடிய விதையை மட்டும் கணக்கிட்டு) அரை அங்குலத்துக்கு மேல் ஆழம் போகாமல் விதைக்கலாம். பிக் புளூஸ்டெம் விதை பஞ்சுபோல் ஒட்டிக்கொண்டு சாதாரண விதைப்புக் கருவியை அடைத்துவிடும் என்பதால், அதற்கென அமைந்த பெட்டியுள்ள கருவியை வாடகைக்கு எடுப்பது நல்லது. முதலாண்டில் தழைச்சத்து இடக் கூடாது; இட்டால் களைதான் கொழுக்கும்.

பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். முதலாண்டில் வளர்ச்சியெல்லாம் வேருக்குப் போவதால் வயல் களைக்காடாகத் தோன்றும்; அதை நம்பி உழுதுவிட்டால் விதைச்செலவு முழுவதும் வீண். நாற்றுக்கு மேலாகக் களையை மட்டும் வெட்டிவிட்டுக் காத்திருந்தால், இரண்டாம் ஆண்டில் இலேசாகவும் மூன்றாம் ஆண்டில் முழுமையாகவும் மேய்க்கலாம்.

ஃபெஸ்கியூவை ஒட்ட மேய்த்துப் பழகியவர்கள் இங்கே கைப்பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 15 அங்குல உயரத்தில் மாடுகளை உள்ளே விட்டு, 8 அங்குலத்துக்கு இறங்கியதும் வெளியேற்றி, ஒரு மாதம் நிலத்தை ஆற விட வேண்டும். உறைபனிக்கு முன் வேரில் சேமிப்பு நிறைய, செப்டம்பர் தொடக்கத்திலேயே மேய்ச்சலை நிறுத்திவிட வேண்டும்.

சுவிட்ச் கிராஸும் இவற்றைப் போலக் கோடையில் வளரும் அந்நாட்டுப் புல்லே எனினும், குதிரை, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றுக்கு அது நஞ்சாகலாம் என்பதால் மாடு மட்டும் வளர்ப்போரே அதை விதைக்கலாம்.