கொலை நகைச்சுவைக் குறுநாடகம்: தடயம் சிரிப்பில் கரையாமல் இருக்க

15 நிமிடக் குறுநாடகம். அதற்குள் கொலை விழ வேண்டும், துப்பு துலங்க வேண்டும், அரங்கமும் சிரிக்க வேண்டும். எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது தடயத்தை எங்கே வைப்பது என்பதில்தான். நல்ல ஜோக் விழுந்தால் சிரிப்பு அடங்கச் சில விநாடிகள் ஆகும். அந்தச் சத்தத்தின் மேலேயே அடுத்த நடிகர் "செத்தவருக்கு இடது கைப் பழக்கமாச்சே" என்று சொன்னால் பின்வரிசைக்குக் கேட்காது. கடைசியில் இன்ஸ்பெக்டர் அதை வைத்தே குற்றவாளியைப் பிடிக்கும்போது, "இதை எப்போ சொன்னாங்க?" என்று பக்கத்து இருக்கையில் கேட்பார்கள். ரிகர்சலில் இந்தக் கோளாறு தெரியாது, அங்கே சிரிக்க ஆளில்லை.

இதற்கு எனக்குப் பிடித்த வழி, தடயத்தையே ஜோக்காக்கிவிடுவது. தலையில் அடிபட்டுக் கிடக்கிறார் முதலாளி. சர்க்கரை நோயாளி. மேஜையில் பாதி காபி. சமையல்காரர் "வீணாப் போகுதே" என்று அதை ஒரு மடக்கு குடித்துவிட்டு, "என்னம்மா இது, பாயசமாட்டம் இருக்கு!" என்கிறார். அரங்கம் சிரிக்கிறது. ஐயா சர்க்கரையைத் தொடவே மாட்டார் என்பதை முன்பே சொல்லியிருந்தால் போதும்: அந்தக் காபியைக் குடித்தது வேறொருவர். சிரித்ததாலேயே அது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

சந்தேகத்துக்குரியவர்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். பெயரை மனத்தில் பதிப்பதற்குள் நாடகம் முடிந்துவிடும்.

அடுத்த தவறு, தான் காமெடியில் இருப்பது தெரிந்த மாதிரி நடிக்கும் இன்ஸ்பெக்டர். தொப்பியைத் தவறவிடுவார், கண்ணை உருட்டுவார். இரண்டாவது முறையே சலித்துவிடும். 1941-இல் நியூயார்க்கில் மேடையேறிய 'ஆர்சனிக் அண்ட் ஓல்ட் லேஸ்' நாடகத்தில் இரண்டு வயதான சகோதரிகள் தனிமையில் வாடும் கிழவர்களுக்கு நஞ்சு கலந்த ஒயின் கொடுத்து அனுப்பிவைக்கிறார்கள். அதைத் தர்மகாரியமாகவே மனதார நம்புகிறார்கள், சிரிப்பு அங்கிருந்து வருகிறது. கொன்றது யார் என்பதும் பார்வையாளருக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. நேரம் குறைவாக இருக்கும்போது இதைத் தயங்காமல் செய்யலாம்: கொலையாளியை முதலிலேயே காட்டிவிட்டு, மாட்டுவாரா என்பதை இழுத்துப் பிடியுங்கள்.

பிணத்தை நடுமேடையில், வெளிச்சத்தில் மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். மூச்சில் வயிறு ஏறி இறங்கும். பார்வையாளர் வசனத்தை விட்டுவிட்டு அதையே பார்ப்பார்கள். சோபாவுக்குப் பின்னால் கால் மட்டும் தெரிந்தால் போதும். நடுவில்தான் கிடக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு வேலை கொடுங்கள். டாம் ஸ்டாப்பர்டின் 'தி ரியல் இன்ஸ்பெக்டர் ஹவுண்ட்' (1968) நாடகத்தில் தொடக்கத்திலிருந்தே மேடையில் பிணம் கிடக்கிறது, வந்து போகிறவர்கள் கவனிப்பதே இல்லை. அந்தக் கவனிக்காமைதான் அங்கே காமெடி.

உங்கள் ஊரில் அண்மையில் நடந்த நிஜக் கொலையைத் தொடவே தொடாதீர்கள். செய்தித்தாளில் படித்தது எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் சரி. செத்தவரின் தங்கை நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கலாம்.

முடிவில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து இன்ஸ்பெக்டர் இரண்டு பக்கம் விளக்குவதையும் வெட்டுங்கள். காபி நாடகத்தில் அதற்குத் தேவையே இல்லை. மூன்று பேருக்கும் காபி வருகிறது. ஒருவர் மட்டும் பழக்கதோஷத்தில் நாலாவது ஸ்பூன் சர்க்கரைக்குக் கை நீட்டுகிறார். சமையல்காரர் திரும்பிப் பார்க்கிறார். லைட் ஆஃப்.