கண்ணெதிரே இருந்தும் 'இல்லை' என்ற ஃபீல்டு

மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் இருந்த பழைய டேட்டாபேஸ் ஒன்றை, போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு மென்பொருளுக்கு மாற்றினேன். டேட்டா முழுசாக வந்துவிட்டது. ஆனால் ஆர்டர்டேட் (orderDate) என்ற ஃபீல்டைக் கேட்டால் 'அப்படி ஒன்று இல்லை' என்றது. டேபிளைத் திறந்தால் கண்ணெதிரே நிற்கிறது!

அரைமணி நேரம் கழித்து, பிழைச்செய்தியை நிதானமாகப் படித்தபோதுதான் உறைத்தது. நான் நடுவில் பெரிய 'டி' போட்டிருந்தேன். அது திருப்பிச் சொன்ன பெயரில் எல்லாமே சின்ன எழுத்து. மேற்கோள் இல்லாத பெயரை போஸ்ட்கிரெஸ் சின்ன எழுத்தாக்கிவிடும். (ஆரக்கிள் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் நேரெதிர், பெரிய எழுத்தாக்கும்.) டேபிளை உருவாக்கிய கருவியோ பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டு, பெரிய 'டி'யை அப்படியே பதித்திருந்தது.

முதலில் டேட்டாவைக் கேட்கும் ஒவ்வொரு கட்டளையிலும், அதாவது குவெரியிலும், இரட்டை மேற்கோள் போட்டேன். ஒரு இடத்தில் தவறி ஒற்றை மேற்கோள் விழுந்துவிட்டது. ஒற்றை மேற்கோளுக்குள் இருப்பதை அது வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். பிழையே வரவில்லை, தேதிக்குப் பதில் எல்லா வரியிலும் அந்தப் பெயரே வந்து நின்றது. சரி, இது ஆகாது என்று டேபிளின் அமைப்பை மாற்றும் 'ஆல்டர் டேபிள்' கட்டளையைக் கொடுத்து, பெயர்களையெல்லாம் சின்ன எழுத்தாக்கி நடுவில் அண்டர்ஸ்கோர் வைத்தேன். பழைய குவெரிகளில் பெயர்களைச் சுற்றி மைஎஸ்கியூஎல் பாணியில் போட்டிருந்த பேக்டிக் (`) குறிகளையும் பிடுங்கினேன்.

'ஆர்டர்' என்ற டேபிளுக்கு மட்டும் இன்னும் மேற்கோள் போடுகிறேன். அது குவெரி எழுதும் மொழியான எஸ்கியூஎல்லின் சொந்தச் சொல்லாயிற்றே.