சரிசெய்த பழுதை உங்கள் பெயரில் எழுதி வையுங்கள்

செக்ரோலில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வருகைப் பதிவேட்டில், பெயர் ஏறாத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்பது தோட்டத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். கணினி வேலையில் அந்தச் செக்ரோலே இல்லை. பகல் முழுக்கப் போராடி ஒரு சர்வரை எழுப்பி வைப்பீர்கள். மறுநாள் எல்லாம் ஓடும்போது அங்கே ஒரு வேலை நடந்ததற்கு அடையாளமே இருக்காது. மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு சிறு பட்டணத்தில் இருந்துகொண்டு ஈப்போ, பாயான் லெப்பாஸ், சைபர்ஜெயா பக்கம் வேலை தேடுகிறவருக்கு இது பெரிய நட்டம். உங்களை நேரில் பார்க்காதவரிடம் உங்கள் சான்றிதழ் மட்டும்தான் பேசும். அதே சான்றிதழ் மற்றவர்களிடமும் இருக்கும். ஒரு பழுதை நீங்கள் எப்படித் தேடிப் பிடித்தீர்கள் என்பது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அதை எழுதி, உங்கள் பெயரில் இணையத்தில் வையுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் முதலில் பலன் தருவது. அதே பழுது ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும். அன்றைக்கு உங்களைக் காப்பாற்றப் போவது நீங்களே எழுதி வைத்த குறிப்பு.

எதை எழுதுவது? அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தடித்தது எதுவோ, தேடியவுடன் பதில் கிடைக்காதது எதுவோ அதை. 'பைத்தான் என்றால் என்ன' என்று தொடங்க வேண்டாம். அதை எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள்.

செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையின் லாரி எடைமேடையை எடுத்துக்கொள்வோம். லாரி மேடையில் ஏறி நிற்கிறது. எடைகாட்டும் பெட்டியில் எண் தெரிகிறது, கணினித் திரையில் மட்டும் பூஜ்யம். வெளியே லாரிகள் வரிசை கட்டுகின்றன. வெட்டிய குலை காத்துக் கிடந்தால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும் என்பதால் ஆளாளுக்கு அவசரப்படுத்துவார்கள். பழுதைச் சரிசெய்த பிறகு பெரும்பாலோர் எழுதுவது இவ்வளவுதான்: 'எடை வரவில்லை. யூஎஸ்பியைக் கழற்றி மாட்டினோம். சரியாகிவிட்டது.' இதைப் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. எழுத வேண்டியது இப்படி:

அறிகுறி: பெட்டியில் எடை தெரிகிறது, மென்பொருளில் பூஜ்யம். காலையில் மேசையைத் துடைத்த பிறகு தொடங்கியது.
சூழல்: விண்டோஸ் 10, பெட்டிக்கும் கணினிக்கும் நடுவே யூஎஸ்பி-சீரியல் கேபிள்.
பலிக்காதவை: கேபிளை மாற்றியது, கணினியை அணைத்துப் போட்டது.
காரணம்: கேபிளை வேறு யூஎஸ்பி துளையில் செருகியிருக்கிறார்கள். அதன் சில்லில் தனி வரிசை எண் இல்லை. அப்படிப்பட்ட கேபிளை விண்டோஸ் துளையை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. ஆகவே புது காம் எண் (சீரியல் இணைப்புக்கு விண்டோஸ் வைக்கும் எண்) கொடுத்துவிட்டது. கேபிள் இருப்பது காம் 5-இல். மென்பொருள் தேடுவது காம் 3-ஐ.
தீர்வு: டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ் பகுதியைத் திறந்து, அந்தக் கேபிளின் அட்வான்ஸ்டு அமைப்பில் காம் 3 என்று மாற்றியது. காம் 3 ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டினால், மறைந்திருக்கும் சாதனங்களை வியூ பட்டியலில் வெளிக்கொண்டு வந்து, பழைய பதிவை முதலில் நீக்க வேண்டும்.
சரிபார்த்தது: கணினியை மறுபடி போட்டு, ஒரு லாரியை ஏற்றி, இரண்டு எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தது. துளையின் மேல் டேப் ஒட்டி எழுதி வைத்தது.

இந்த ஆறில் அதிகம் மதிப்புள்ளது 'பலிக்காதவை'. எழுதக் கூச்சமாக இருக்கும் என்பதால் பலரும் விட்டுவிடுகிறார்கள். அடுத்தவருக்கு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்துவதும், நீங்கள் முறையாகத் தேடுகிற ஆள் என்று காட்டுவதும் அந்த வரிதான். 'காரணம்' எழுதும்போது பேனா நின்றுவிட்டால், பழுது சரியாகியிருந்தாலும் உங்களுக்கு அது இன்னும் விளங்கவில்லை என்று பொருள். பக்கத்துப் பழுதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்: பூஜ்யத்துக்குப் பதில் கண்டபடி குறிகள் வந்தால் காம் எண் மாறவில்லை, வேகமோ பிட் அமைப்போ ஒத்துப்போகவில்லை. பெட்டி 7 பிட், ஈவன் பாரிட்டி (பிழையைக் கண்டுபிடிக்கச் சேர்க்கும் கூடுதல் பிட்) என்று அனுப்ப, மென்பொருள் 8 பிட், பாரிட்டி இல்லை என்று வாங்கினால் அப்படித்தான் வரும்.

தாராளமாகத் தமிழில் எழுதுங்கள். தமிழ்ப்பள்ளி முடித்து இத்துறைக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி விளக்கம் தமிழில் கிடைப்பது அரிது. ஆனால் திரையில் வந்த பிழைச் செய்தியை மட்டும் ஓர் எழுத்தும் மாறாமல் ஆங்கிலத்திலேயே போடுங்கள். தேடுகிறவர்கள் அதைத்தான் ஒட்டித் தேடுவார்கள். தட்டச்சுக்கு, 1985-இல் இந்த மண்ணில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் இருக்கிறது, கைப்பேசிக்குச் செல்லினம் இருக்கிறது. எதில் எழுதினாலும் யூனிகோடாக இருக்கட்டும். பழைய எழுத்துரு முறைகளில் அடித்தது மற்றவர் திரையில் குப்பையாகத் தெரியும். கோப்பின் பெயரை மட்டும் ரோமன் எழுத்தில் வையுங்கள். இணைய முகவரியில் தமிழ் வந்தால் ஒவ்வொரு யூனிகோடு குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியும். 'தமிழ்' என்ற ஒரு சொல்லில் ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. வாட்ஸ்அப்பில் ஒட்டினால் அதுவே 45 எழுத்து நீளும்.

வேலை போகிற அளவுக்குத் தவறு நடப்பது ரகசிய விஷயத்தில்தான். வேலையின் பகுதியாக நீங்கள் உருவாக்கியதன் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே போகும். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அதனால் ஆலையின் நிரலையோ அறிக்கையையோ எடுத்து ஒட்டாதீர்கள். வீட்டில், சொந்தக் கணினியில், சொந்த நடையில், பழுதின் தன்மையை மட்டும் எழுதுங்கள். பணி ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, மேலாளரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வாடிக்கையாளர் பெயர், லாரி எண், தொழிலாளர் பட்டியல் எதுவும் வரக்கூடாது. 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதில் குறுக்கே வரும். உண்மையான ஐபி முகவரிக்குப் பதில் 192.0.2, 198.51.100, 203.0.113 என்று தொடங்குபவற்றைப் பயன்படுத்துங்கள். எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை அவை. கைப்பேசிப் படத்துக்குள் இடக்குறிப்பு ஒளிந்திருக்கும், அதை நீக்குங்கள். கடவுச்சொல் தவறி ஏறிவிட்டால் வரியை அழித்தால் போதாது. கோப்பின் மாற்றங்களையெல்லாம் சேமித்து வைக்கும் கிட் (Git) மென்பொருளின் பழைய பதிப்புகளில் அது அப்படியே கிடக்கும். முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள், அழிப்பது பிறகு.

வைக்கும் இடத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். மார்க்டவுன் என்னும் எளிய உரைக் கோப்பாக எழுதுங்கள், ஹியூகோ போன்ற தளம் உருவாக்கும் மென்பொருளால் இணையப் பக்கமாக்குங்கள், கிட்ஹப் தரும் இணையதள வசதியான கிட்ஹப் பேஜஸில் ஏற்றுங்கள். எல்லாரும் பார்க்கக்கூடிய பொதுக் களஞ்சியத்துக்கு (கோப்புகளை வைக்கும் இடம்) அங்கே கட்டணம் இல்லை. அலங்காரத்தில் இறங்கியவர்கள் மூன்று வாரம் வண்ணம் பார்த்துவிட்டு ஒரு வரியும் எழுதாமல் ஓய்ந்துபோகிறார்கள். குறிப்பு ஐந்து சேர்ந்த பிறகு சொந்த டொமைன் (இணைய முகவரிப் பெயர்) வாங்கலாம். அதை அலுவலக மின்னஞ்சலில் பதியாதீர்கள். வேலை மாறினால் அந்த அஞ்சல் பெட்டி மூடப்படும், கடவுச்சொல்லை மீட்க வழி இருக்காது. ஆண்டுப் புதுப்பிப்பைத் தானாக நடக்கும்படி வையுங்கள்.

ஒவ்வொரு குறிப்பிலும் தேதியும் மென்பொருள் பதிப்பு எண்ணும் இருக்கட்டும். பின்னால் தவறு தெரிந்தால் பழையதை ஓசைப்படாமல் மாற்றாமல், 'திருத்தம்' என்று கீழே எழுதுங்கள்.

விண்ணப்பத்தில் முகப்புப் பக்கத்தின் முகவரியைப் போட்டால் யாரும் உள்ளே போய்த் தேட மாட்டார்கள். அந்த வேலைக்கு ஒட்டிய ஒரே ஒரு குறிப்பின் முகவரியைப் போடுங்கள். நெட்வொர்க் வேலைக்கு நெட்வொர்க் பழுது, ஆலைக் கருவி வேலைக்கு அந்த எடைமேடைக் குறிப்பு. நேர்காணலுக்கு முந்தின இரவு அதை நீங்களும் ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். கேள்வி பெரும்பாலும் அதிலிருந்துதான் தொடங்கும்.