ராட்சத மிருகப் படத்துக்குக் கிளம்பும் முன்

பெரிய பாம்பு, பெரிய முதலை, பெரிய சிலந்தி, ஆற்றுக்குள்ளிருந்து ஏறி வரும் பேர் தெரியாத ஜந்து என்று எது வந்தாலும் சரி, பயமும் சிரிப்பும் கலந்த மிருகப் படத்தை வீட்டில் டிவியில் பார்க்காதீர்கள். தியேட்டரில் பாருங்கள், அதுவும் கூட்டத்தோடு பாருங்கள். நான் மதுரையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இந்த வகைப் படம் ஊருக்கு வந்தால் அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்திவிடுவேன். கடைக்கு வரும் காலேஜ் பிள்ளைகள், "போனோம்க்கா, மொக்கையா இருந்துச்சு" என்று சொல்லும்போது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும். பல சமயம் குறை படத்தில் இருக்காது. போன நேரம், உட்கார்ந்த இடம், பார்த்த விதம் மூன்றில் ஏதோ ஒன்று சரியாக அமைந்திருக்காது.

டிரெய்லரிலிருந்து தொடங்குகிறேன். ஒன்று பார்த்தால் போதும். டீசர், டிரெய்லர், மேக்கிங் வீடியோ என்று இப்போதெல்லாம் மிருகத்தின் பல் முதல் வால் வரை முன்கூட்டியே போனில் காட்டிவிடுகிறார்கள். அதை முழு உருவத்தில் நீங்கள் முதன்முதலாகப் பார்க்கும் இடம் பெரிய திரையாக இருக்க வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் ஒரு தடவை பார்த்துவிட்டால், அப்புறம் அது எவ்வளவு பெரிதாக வந்தாலும் பழகிய முகமாகிவிடும்.

முதல் சனி, ஞாயிறுக்குள் போய்விடுங்கள். டப்பிங் படங்கள் நம் ஊரில் ரொம்ப நாள் தாங்காது. அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய ஹீரோ படம் வந்தால் இது காலைக் காட்சிக்குச் சுருங்கிவிடும், அப்புறம் அதுவும் இருக்காது. சனிக்கிழமை செகண்ட் ஷோ இந்த வகைக்கு ரொம்பப் பொருத்தம். பையன்கள் கூட்டமாக வருவார்கள், விசில் பறக்கும். அது வேண்டாம் என்றால் ஞாயிறு மாலைக் காட்சி. காலியான அரங்கில் மதியக் காட்சிக்குப் போய் உட்கார்ந்தால் படம் பாதிதான் உங்களுக்குக் கிடைக்கும். 3டி, 2டி இரண்டும் ஓடினால் நான் 2டி-தான் எடுப்பேன். 3டி கண்ணாடி வெளிச்சத்தை நிறையவே குறைத்துவிடும். மிருகம் இருட்டில்தான் அதிகம் வரும். எங்கே வால், எங்கே தலை என்று தேடிக்கொண்டிருந்தால் பயமும் வராது, சிரிப்பும் வராது.

தமிழா, இங்கிலீஷா என்று நிறையப் பேர் கேட்பார்கள். அமெரிக்கப் படம் என்றால் நான் தயங்காமல் தமிழ் என்பேன். டப்பிங்கில் மாறுவது வசனம் மட்டும்தான். இசையும் மற்றச் சத்தங்களும் தனித் தடத்தில் அப்படியே வரும், ஆகவே பாம்பு எந்த மொழியிலும் ஒரே மாதிரிதான் சீறும். சப்டைட்டிலோடு பார்த்தால் வேகமாகப் படிப்பவர் முன்னாலேயே சிரித்துவிடுவார், மெதுவாகப் படிப்பவர் பின்னால் சிரிப்பார், சிரிப்பு துண்டு துண்டாகச் சிதறும். தமிழில் பேசினால் அரங்கம் முழுக்க ஒரே நொடியில் சிரிக்கும். அந்த ஒரே நொடி எவ்வளவு முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

சீட்டு விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். திரையிலிருந்து பின்சுவர் வரை உள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடு வரிசையில் நடு இடம். படத்துக்கு ஒலிக்கலவை செய்பவர்களும் ஏறக்குறைய அந்த இடத்தில் உட்கார்ந்துதான் செய்கிறார்கள். பழைய தியேட்டர்களில் பால்கனிக்கு நேர் கீழே ஆழமாக உள்ளடங்கிய வரிசைகளைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே சத்தம் அமுங்கித்தான் வரும். மிருகப் படத்தில் முதலில் வருவது உருவமில்லை, சத்தம். 1954-இல் ஜப்பானில் வந்த காட்ஸில்லாவுக்கு இசையமைத்த அகிரா இஃபுகுபே, டபுள் பேஸ் வாத்தியத்தின் தளர்த்திய கம்பிகள் மேல் பிசின் தடவிய தோல் கையுறையைத் தேய்த்து அந்த உறுமலை உருவாக்கினார். அவ்வளவு பாடுபட்டுச் செய்த சத்தத்தை மூலையில் உட்கார்ந்து பாதியாகக் கேட்பது பாவம். சப்வூஃபர் அதிர்வு சீட்டின் அடியில் ஏறி முதுகுத்தண்டுக்கு வர வேண்டும். அந்த அதிர்வுக்காகவே ஒலி நன்றாக இருக்கிற தியேட்டருக்கு இன்னொரு பஸ் ஏறிப் போகலாம்.

யாரோடு போவது? பயப்படுகிறவர் ஒருவர், வாய்விட்டுச் சிரிக்கிறவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். "இது கிராபிக்ஸ்தானே" என்று பக்கத்தில் சொல்லிக்கொண்டே இருப்பவரை வேறு படத்துக்குக் கூட்டிப் போங்கள். நான் என் அத்தையை, அதாவது வீட்டுக்காரரின் அம்மாவை, கூட்டிக்கொண்டு போவேன். ராம நாராயணன் படங்களில் யானையும் குரங்கும் பாம்பும் செய்த வேலைகளையெல்லாம் அந்தக் காலத்தில் கொட்டகையில் பார்த்துப் பழகியவர். திரையில் மிருகம் வந்தால் அது மிருகம்தான் அவருக்கு. போன வருஷம் ஒரு முதலைப் படத்தில் எல்லோரும் அலறிக்கொண்டிருந்தபோது, "அது பாட்டுக்குத் தண்ணிக்குள்ள கெடந்துச்சு, இவனுங்கதான போயி நோண்டுனானுங்க" என்று நிதானமாகச் சொன்னார். முன்வரிசை வரைக்கும் திரும்பிச் சிரித்தது. இந்த வகைப் படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மிருகத்தை நம்புங்கள், மனிதர்களைப் பார்த்துச் சிரியுங்கள். எல்லாம் இதில்தான் இருக்கிறது. மிருகத்தையே கேலியாகப் பார்த்தால் படம் அந்த நிமிஷமே செத்துவிடும். மிருகம் நிஜம் என்று வைத்துக்கொண்டால், அதன் முன்னால் மனிதர்கள் போடும் வீறாப்பு, பேராசை, பொய், மீட்டிங், மைக் எல்லாமே சிரிப்பாகத் தெரிய ஆரம்பிக்கும்.

கொரியாவின் போங் ஜூன்-ஹோ இயக்கிய 'தி ஹோஸ்ட்' (2006) இதற்கு நான் காட்டும் முதல் உதாரணம். ஒரு திரைப்பட இயக்கத்தின் திரையிடலில், கல்லூரி அரங்கில் பார்த்தேன். சோல் நகரத்தில் ஹான் ஆற்றங்கரை, பட்டப்பகல். பாலத்துக்கு அடியில் என்னமோ தொங்குகிறது. தண்ணீருக்குள் விழுகிறது. வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டம் அதற்குத் தின்பண்டங்களைத் தூக்கிப் போடுகிறது. அந்த நேரத்தில் அது கரையோரமாக, கூட்டத்தைப் பார்த்து ஓடி வருகிறது. கட்டடம் உயரத்துக்கு இல்லை, லாரி அளவுதான். அதனால்தான் ஆளைத் தனித்தனியாகத் தேர்ந்து துரத்த முடிகிறது. கதாநாயகன் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான், கீழே விழுகிறான், எழுந்து மறுபடி கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். திரும்பிப் பார்த்தால் அது வேறொரு பெண்ணின் கை. அந்த இடத்தில் அரங்கத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. கிளம்பிய சிரிப்பு முடிவதற்குள் அவன் மகளை மிருகம் தூக்கிவிட்டது. சிரித்த வாயை மூடக்கூட நேரம் கொடுக்கவில்லை.

அப்புறம் அஞ்சலிக் கூடம். குடும்பமே கட்டிப்பிடித்து அழுது தரையில் புரள்கிறது, கேமராக்காரர்கள் சுற்றி நின்று படம் எடுக்கிறார்கள், மஞ்சள் பாதுகாப்பு உடையில் அறிவிப்புச் செய்ய வரும் அதிகாரி வழுக்கி விழுகிறார். அழுகையும் சிரிப்பும் ஒரே தொண்டையில் நிற்கும். இத்தனைக்கும் அந்தக் கதையின் விதை நிஜம். சோலில் இருந்த அமெரிக்க ராணுவ முகாமில் ஃபார்மால்டிஹைடை வடிகாலில் ஊற்றி ஹான் ஆற்றில் கலக்கவிட்ட சம்பவம் 2000-இல் நடந்தது. அத்தை சொன்னதுதான்: யாரோ போய் நோண்டியிருக்கிறார்கள். கொரியாவில் மட்டும் 1.3 கோடி டிக்கெட் விற்ற படம் அது. இந்தப் படத்தை மட்டும் கொரிய மொழியிலேயே பாருங்கள். சிரிப்பு முகத்திலும் உடம்பிலும் இருக்கிறது, வசனத்தில் கொஞ்சம்தான்.

இப்போது அந்த ஒரு நொடிக்கு வருகிறேன். சிரிக்கும்போது மூச்சு வெளியே போகும், தோள் தளரும், காவலைத் தளர்த்துவோம். விவரமான இயக்குநர் மிருகத்தை அங்கேதான் விடுவார். ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' (1975) நகைச்சுவைப் படம் இல்லை, ஆனாலும் இதற்குப் பாடம் அதுதான். இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி மக்கர் பண்ணியதால் படத்தின் பெரும்பகுதியில் சுறாவை முழுசாகக் காட்டாமல் ஓட்டியிருப்பார்கள். கடைசியில் போலீஸ் அதிகாரி படகின் பின்னால் நின்று, முனகிப் புலம்பிக்கொண்டே இரையை அள்ளிப் போடுவார். அந்தப் புலம்பலுக்கு நமக்குச் சிரிப்பு வரும். சட்டென்று அவர் முதுகுக்குப் பின்னால் தண்ணீரைப் பிளந்துகொண்டு தலை. ஆகவே சிரிப்பை அடக்காதீர்கள். அடக்கிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருப்பவருக்கு அந்தத் தூக்கிவாரிப்போடல் கிடைக்காது. அரங்கமே சேர்ந்து மூச்சை விட்டு, சேர்ந்து அலறுவதற்குத்தான் கூட்டத்தோடு பாருங்கள் என்றேன்.

படம் தொடங்கிய அரை மணி நேரத்துக்குள் மிருகத்தின் சட்டத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல படம் ஒவ்வொன்றிலும் ஒரு சட்டம் இருக்கும். 'ட்ரெமர்ஸ்' (1990) படத்தில் நெவாடா பாலைவனத்தில் மண்ணுக்கடியில் ஓடும் புழுக்களுக்குக் கண் கிடையாது, தரை அதிர்வுதான் கண். அது தெரிந்துவிட்டால் பாறையிலிருந்து கால் இறங்கும் ஒவ்வொரு முறையும் நமக்குப் பதறும், அசையாமல் நிற்கிறவர் படும் பாட்டைப் பார்த்தால் சிரிப்பாகவும் இருக்கும். ஒரு புழு சுவரை உடைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழையும். உள்ளே சுவர் நிறையத் துப்பாக்கி மாட்டி வைத்திருக்கிற கணவனும் மனைவியும். பாவம் அந்தப் புழு என்று தோன்றும். சட்டம் தெரியாமல் பார்த்தால் இதெல்லாம் வெறும் ஓட்டமும் கத்தலும்தான்.

குறைகளை வெளியே வந்து பேசிக்கொள்ளலாம். 'அனகோண்டா' (1997) படத்தில் படகு பின்வாங்கும் ஓர் இடத்தில் பின்னாலிருக்கும் அருவி கீழேயிருந்து மேலே ஓடும், ஃபிலிமைத் திருப்பி ஓட்டியிருப்பார்கள். அது தெரிந்தவர் அந்த இடம் வந்ததும் பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டினால், பக்கத்து சீட்டுக்காரர் அதற்கப்புறம் பாம்பை நம்ப மாட்டார். அதே படத்தில் பாம்பு விழுங்கிக் கக்கிய ஆள் கண்ணடிப்பான். அதற்கு எழுந்து நின்றே கைதட்டலாம். படம் தானாகக் கொடுக்கும் சிரிப்பு அது.

விசில், கைதட்டல் தாராளமாக. கமென்ட் அடிப்பதென்றால் சரியான மௌனம் பார்த்து ஒன்று, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொடர்ந்து பேசுகிறவர் பக்கத்தில் மாட்டினால் இடைவேளையில் இடம் மாறுவதே மேல். போனைப் பையில் போடுங்கள். இருட்டுக் காட்சியில் ஒரு போன் வெளிச்சம் போதும், சுற்றிலும் பத்துப் பேருக்குப் பயம் கலைந்துவிடும். பாப்கார்னை மிருகம் வருவதற்குள் முடித்துவிடுங்கள்.

வெளிநாட்டுப் படங்கள் இடைவேளையை நினைத்து எடுக்கப்பட்டவை இல்லை. இங்கே தியேட்டரில் நடுவில் வெட்டுவார்கள், சில நேரம் துரத்தல் நடுவிலேயே லைட் போட்டுவிடுவார்கள். ஆகவே டாய்லெட், டீ முடித்து லைட் அணைவதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடுங்கள். மறுபடி தொடங்கும்போது ஓட்டத்தின் நடுவிலேதான் தொடங்கும்.

பிள்ளைகளைக் கூட்டிப் போவதென்றால் சான்றிதழைப் பாருங்கள். இப்போது யு/ஏ-வை 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள், ஏ என்றால் பெற்றோர் கூட இருந்தாலும் அனுமதி கிடையாது. சான்றிதழ் சரியாக இருந்தாலும் சத்தம் பெரிது. சின்னப் பிள்ளைக்குக் காதில் வைக்கப் பஞ்சு கொண்டு போங்கள், நடைபாதையோரச் சீட்டில் உட்கார வையுங்கள், அழுதால் வெளியே கூட்டி வர வசதி. அடம்பிடித்து உட்கார வைக்காதீர்கள். இந்த வயதில் ஒரு தடவை நிஜமாகவே பயந்துவிட்டால் பிறகு தியேட்டர் என்றாலே வர மாட்டார்கள்.

மிருகம் செத்ததும் கதவைப் பார்த்து ஓடாதீர்கள். இந்த வகைப் படம் கடைசி ஷாட்டில் ஒரு முட்டை, ஒரு சலசலப்பு, தண்ணீரில் ஒரு குமிழி என்று எதையாவது விட்டுவைக்கும் பழக்கம் உள்ளது. பார்க்கிங்கில் வண்டி எடுக்கிற அவசரத்தில் அதைத் தவறவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். லைட் முழுசாக எரியும் வரை இருங்கள். செகண்ட் ஷோ விட்டு வந்தால் மதுரையில் பரோட்டாக் கடை திறந்துதான் இருக்கும். முதலில் யாரை மிருகம் சாப்பிடும் என்று படத்துக்கு முன்னாலேயே ஆளுக்கொருவரைச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள், தப்பாகச் சொன்னவர் பில் கொடுக்கட்டும். அருவி மேலே ஓடிய கதையெல்லாம் அங்கே பேசலாம்.

படம் பிடித்துப்போய் இரண்டாம் தடவை போகிறீர்கள் என்றால் அப்போது காலியான காலைக் காட்சி பரவாயில்லை. முதல் அரை மணி நேரத்தில் பின்னணியைக் கவனியுங்கள்: குரைத்துக்கொண்டே இருந்து சட்டென்று அடங்கும் நாய், கிண்ணத்தில் அலையும் தண்ணீர், யாரும் கவனிக்காத சுவர் விரிசல். முதல் தடவை நாம் பார்க்கத் தவறிய இடத்தில் மிருகம் முன்னமே வந்து போயிருக்கும்.